பிடித்து வைத்த ஃபைல்

எனக்குச் சந்தேகப்புத்தி என்று என் வீட்டுக்காரர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லட்டும். முட்டை பொரிப்பகம் நடத்துகிறவளுக்கு அது இல்லாவிட்டால்தான் ஆபத்து. சூடு துளி குறைந்தாலும் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும்.

அந்தச் சூட்டைப் பார்த்துக்கொண்டவன் என் கொழுந்தன். வாயைத் திறக்கமாட்டான், நான் அவனுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். முட்டைகளின் வயதுக்கு ஏற்ற சூட்டைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலில் எழுதும் புரோகிராம் அவன் செய்தது. பொரிப்புப் பெட்டி அந்த ஃபைலை அடிக்கடி படித்து அதன்படி நடக்கும். ஒருமுறை ஃபைல் காலியாகக் கிடைத்தாலும், கம்பெனிக்காரன் வைத்து அனுப்பிய சூட்டுக்குப் போய், யாராவது கையால் திருப்பும்வரை அதிலேயே நின்றுவிடும். அது எங்கள் முட்டைகளுக்குப் போதாது.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய வாரம், அவன் கிடங்குக்குப் பின்னால் நின்று போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்த பெயரை வைத்துப் பார்த்தால், அந்தப் பக்கம் இருந்தவர் எங்களுக்குப் போட்டியாகப் பொரிப்பகம் வைத்திருப்பவர். என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டான். எனக்கு அது போதாதா? கேமரா மாட்ட வந்தவரைப் பிடித்து, பெட்டி அறைக்குள் வைக்கும் முன்பே புதுக் கம்ப்யூட்டரில் ஒரு வேவு புரோகிராம் போடச் சொன்னேன். அது அவ்வப்போது சூட்டு ஃபைலைத் திறந்து, அதில் இருப்பதை அப்படியே என் மேசைத் திரையில் காட்டும். இது கொழுந்தனுக்குத் தெரியாது.

அதன்பிறகு ஒரு ஈடு முட்டை முழுக்க வீணானது. பெட்டி கம்பெனிச் சூட்டில் ஓடியிருந்தது. ஆனால் ஃபைலைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. யாரோ அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை போலத் திரும்ப எழுதி வைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். பெட்டியும் கம்ப்யூட்டரும் இருந்த அறையின் சாவி கொழுந்தன் ஒருவனிடம்தான் இருந்தது.

கேட்டதற்கு, பழைய கம்ப்யூட்டரில் இப்படி நடந்ததே இல்லை என்றான். நல்ல சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஈடும் போனது. தம்பியை அனுப்பிவிடுங்கள் என்றேன் வீட்டுக்காரரிடம். அவர், நாளை மதியம் சாப்பிடும்போது சொல்லிவிடுகிறேன் என்றார். அவர் முகம் வாடிப்போனது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

மறுநாள் காலை கொழுந்தன் என் மேசைக்கு வந்தான்.

"அண்ணி, அந்த ஃபைலை யாரோ தெறந்து புடிச்சு வெச்சிருக்காங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வாழ்நாளில் பேசாததையெல்லாம் நின்றபடியே பேசினான். அவன் புரோகிராம் பழைய ஃபைலில் கைவைக்காது. புதுச் சூட்டைத் தனியாக இன்னொரு ஃபைலில் முழுசாக எழுதிவிட்டு, அதற்குப் பழையதன் பெயரைக் கொடுத்து ஒரே வீச்சில் மாற்றிவிடும். பெட்டி எப்போது படித்தாலும் முழுப் பழசு கிடைக்கும், இல்லையென்றால் முழுப் புதுசு கிடைக்கும். பழைய கம்ப்யூட்டரில் யார் ஃபைலைத் திறந்து வைத்திருந்தாலும் இந்த மாற்றல் நடந்துவிடும். புதியதில் ஓடும் சிஸ்டம் வேறு. யாராவது பிடித்திருந்தால் அது மாற்ற விடாது. அப்படி மாட்டிக்கொண்டால் பழைய ஃபைலையே காலி செய்துவிட்டு அதில் எழுது என்று இவன் ஒரு வரி சேர்த்திருக்கிறான். அது தன் தப்புதான் என்றான். காலியாக இருக்கும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் பெட்டி படித்துவிட்டால் தீர்ந்தது. அடுத்த நொடி ஃபைல் நிரம்பிவிடும். யார் பார்த்தாலும் சரியாகத்தான் தெரியும்.

"ஆனா யாராவது புடிச்சிருந்தாத்தான் அந்த வரிக்கே போகும். போட்டிக்காரர்தான் ஆள் வெச்சு வேவு பாக்குறாரோன்னு நெனச்சேன். எந்த புரோகிராம் புடிச்சிருக்குன்னு தேடினேன்."

அவன் கண் என் திரையில் இருந்தது. வேவு புரோகிராமின் பெயர் மேலே கொட்டை எழுத்தில் இருந்தது, அதன் கீழே சூட்டு ஃபைல் திறந்து கிடந்தது.

வெட்கத்தில் காது சுட்டது. அவன் கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், சண்டை எனக்குக் கைவந்த கலை. அவன் நேராகப் பெட்டி அறைக்குப் போய்விட்டான்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வந்தான். யாராவது பிடித்திருந்தால் இனி புரோகிராம் காத்திருந்து மறுபடி முயலும், விடும்வரை பழைய ஃபைல் பழையபடியே இருக்கும் என்றான்.

"இனிமே நீங்க பாத்துக்கிட்டே இருந்தாலும் ஒண்ணும் கெடாது அண்ணி."

சொல்லிவிட்டுச் சாவியை மேசையில் வைத்தான். எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"அன்னிக்கு போன்ல அந்தப் போட்டிக்காரர் வேலைக்குக் கூப்பிட்டார். அண்ணனை விட்டு வரமாட்டேன்னு சொன்னேன். இப்ப வரேன்னு சொல்லிட்டேன்."

உள்ளே வீட்டுக்காரர், தம்பியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இனி நீங்கள் சொல்லவேண்டியதில்லை என்று நான்தான் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த ஈடு நன்றாகப் பொரித்தது. அறை முழுக்கக் கீச்சுக்கீச்சென்று ஒரே சத்தம். வேவு புரோகிராமை எடுத்துவிட்டேன். சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது, சூட்டைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். இனி ஏதாவது கெட்டால் சந்தேகப்பட என்னை விட்டால் ஆள் இல்லை.