கோரத்துக்கு ஐந்து பேர்

கவுன்சிலர் ஆன பிறகும் ஊரில் எல்லாரும் அவளைக் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் பல வருஷம் டிக்கெட் கிழித்த தொண்டை அது. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை போகும். அந்தத் தொண்டையை நம்பித்தான் கூடப்பிறந்த அண்ணன் அவளுக்குக் கட்சியில் சீட் வாங்கிக் கொடுத்தார். தெருமுனைக் கூட்டத்தில் முழங்க ஆள் தேவைப்பட்டது. மாநகராட்சித் திட்டக்குழுவிலும் அது ஒலிக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

குழுவின் தலைவர் அந்த அண்ணன்தான். மொத்தம் ஒன்பது பேர். ஆறு பேர் அவர்கள் கட்சி, மூன்று பேர் எதிர்க்கட்சி. அடுத்த முப்பது வருஷத்தில் நகரம் எப்படி வளர வேண்டும், யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்று நிபுணர்கள் எழுதிய திட்டத்தை அலசிப் பார்த்து மன்றத்துக்கு அனுப்புவது குழுவின் வேலை. அலசல் என்பது பேருக்குத்தான். சாலை, பூங்கா, சாக்கடை என்று அத்தியாயம் அத்தியாயமாக, டீ ஆறுவதற்குள் நிறைவேறிக்கொண்டிருந்தது.

வீட்டுவசதி அத்தியாயம் வந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மொத்தமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அது கேள்வியே அல்ல. மற்றவர்கள் தலையாட்டத் தயாராக இருந்தார்கள்.

“வேண்டாம். ஒவ்வொரு பிரிவா வாசிக்கணும்” என்றாள் அவள்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் பழைய குடியிருப்பு அவள் வார்டு. ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்கள், காய்கறி மண்டியில் மூட்டை இறக்குபவர்கள், லாட்ஜில் படுக்கை விரிப்பவர்கள், எல்லாரும் வாடகைக்காரர்கள். வேலைக்கு நடந்தே போய்விடலாம் என்பதற்காகத்தான் அந்த ஈரச் சுவர்களைப் பொறுத்துக்கொண்டு கிடந்தார்கள். அந்தக் கட்டடங்களை இடித்துவிட்டு, குடியிருப்போருக்குத் ‘தகுந்த காலத்தில் தகுந்த இடத்தில்’ வீடு தருவதாகத் திட்டம் சொன்னது. தகுந்த இடம் எது என்று முதல்நாள் திட்ட அதிகாரியிடம் கேட்டிருந்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் விரலை நகர்த்திக்கொண்டே போனார். விரல் மரச்சட்டத்தில் இடித்து நின்றது. தகுந்த காலம் எது என்று கேட்டதற்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இராத்திரி முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை.

தலைவர் பத்து நிமிஷம் இடைவேளை விட்டுவிட்டு அவளை நடைக்கூடத்துக்கு அழைத்துப் போனார். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றதும் தலைவர் போய் அண்ணன் வந்துவிட்டார். மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவும், இன்று இது முடியாவிட்டால் தன் தலை உருளும் என்றும் சொன்னார். அவள் கல்யாணத்துக்குத் தான் நாயாய் அலைந்ததையும் விடவில்லை. எல்லாம் உண்மைதான்.

“நீ எனக்குச் செஞ்சதை நான் மறக்கலண்ணே. அதுக்காக அவங்க வீட்டை உனக்கு எழுதிக் குடுக்க முடியுமா?”

“உள்ள வந்து வாயைத் தொறந்தே, அப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது.”

“சரி” என்றாள் அவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

போனவள் உட்காரவில்லை. நின்றபடியே முதல் பிரிவை வாசிக்க ஆரம்பித்தாள். நிறுத்த விதியில் வழியில்லை. தலைவர் ஒரு பக்கமாகக் கண்ணைக் காட்டினார். அவர் கட்சிக்காரர் ஒருவர் போன் பேசுவதுபோல வெளியே போனார். இன்னொருவருக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்றாமவர் காரணம் தேடாமலே போனார். கடைசியாகத் தலைவரும் எழுந்தார்.

எதிர்க்கட்சிப் பல் டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. “கோரத்தை உடைக்கிறாங்கம்மா. அஞ்சு பேர் இல்லைன்னா கூட்டம் செல்லாது. அலசாமலே அப்படியே மன்றத்துக்குப் போயிடும்” என்றார். இத்தனை நாளும் அவளைக் கிண்டல் செய்வதையே தொழிலாக வைத்திருந்தவர் அவர். இன்று முகத்தில் கிண்டல் இல்லை.

குழுவின் செயலர் தலைகளை எண்ணினார். டாக்டர், அவருடைய ஆட்கள் இருவர், அவள். நான்கு. பேனாவை மூடப் போனவர், தூணுக்குப் பின்னால் வந்த குறட்டையைக் கேட்டு நிறுத்தினார்.

கொட்டாவியார் என்று எல்லாரும் கூப்பிடும் ஆளுங்கட்சிக் கவுன்சிலர் அங்கே வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலைவர் கண் காட்டியது மூடிய கண்ணுக்குத் தெரியவில்லை. தூங்குகிறவர் கணக்கில் சேர்வாரா என்று செயலர் தயங்கினார். ஆள் நாற்காலியில் இருந்தால் போதும், முழித்திருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லையே என்றார் டாக்டர். அப்படிச் சொன்னால் மன்றமே நடக்காது என்று இன்னொருவர் முணுமுணுத்தார்.

அதற்குள் கொட்டாவியாரின் போன் அடித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு காதில் வைத்தார். தலைவரின் குரல் எல்லாருக்கும் கேட்டது: உடனே வெளியே வா. கொட்டாவியார் காலி நாற்காலிகளைப் பார்த்தார். திட்டப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை, பார்வையையும் விலக்கவில்லை.

“என்னம்மா வாசிக்கிறே?”

“டிப்போ குடியிருப்பை இடிக்கிறதைப் பத்திண்ணே.”

“ஆஸ்பத்திரியில எங்கம்மாவைப் பாத்துக்கற பொண்ணு அங்கதான் இருக்கா” என்றார் அவர். பிறகு போனில், “தலைவரே, எனக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு. எழுந்திருக்க முடியல” என்று சொல்லி அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டரைத் தற்காலிகத் தலைவராக்கிக்கொண்டு அலசினார்கள். சாப்பாட்டு நேரம் கடந்தது, ஏசியை யாரோ நிறுத்தினார்கள், விளக்கும் போயிற்று. ஜன்னல் பக்கம் நகர்ந்து வாசித்தாள். அதே வார்டுக்குள் மாற்றுவீட்டின் சாவி கைக்கு வரும்வரை ஒரு வீட்டையும் இடிக்கக் கூடாது, வாடகைக்காரர்களுக்கும் அது பொருந்தும் என்று திருத்தம் எழுதினார்கள். ஐந்து கைகளும் உயர்ந்தன.

மறுவாரமே அவளைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அடுத்த தேர்தலில் டெபாசிட் வாங்க மாட்டாள் என்று அண்ணனே மேடையில் பேசினார். சுயேச்சையாக நிற்கப்போவதாக அவள் பதில் சொல்லி அனுப்பினாள். மன்றக் கூட்டத்தன்று பார்வையாளர் மாடத்தில் டிப்போ குடியிருப்பு முழுக்க வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. மேலே அத்தனை கண்கள் இருக்கும்போது எதிர்த்துக் கை தூக்கக் கூசிய ஆளுங்கட்சிக்காரர்கள் சிலர் வாக்களிக்காமல் நழுவினார்கள். திருத்தம் நூலிழையில் பிழைத்தது. அண்ணன் எதிர்த்துத்தான் வாக்களித்தார், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

இன்றுவரை அண்ணன் அவளோடு பேசுவதில்லை. அண்ணி மட்டும் எப்போதாவது போன் செய்வாள், அவர் குளிக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. போன முறை, கொஞ்சம் விட்டுக்கொடுத்து நீயே வந்து பேசிவிடேன் என்று மெல்லக் கேட்டாள்.

“வர்றேன் அண்ணி. அண்ணன்கிட்ட மன்னிப்புக்கூடக் கேக்கறேன்” என்றாள் அவள். “திருத்தத்தை மட்டும் திருப்பி வாங்கச் சொல்லாதீங்க.”