வெள்ளிக்கிழமைக் கட்டம்

பணிமுறை அட்டவணையில் எந்தக் கட்டத்தை யார் மாற்றினார்கள் என்று அந்தக் குடிநீர் நிலையத்தில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. இப்படியொரு விதி எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. ஆனால் எழுதி ஒட்டிய விதிகளெல்லாம் காற்றில் பறந்த நாட்களிலும் இது மட்டும் மீறப்பட்டதே இல்லை. பார்ப்பது ஒன்றும் கடினமான காரியமல்ல. அட்டவணை இருந்த கணினி விரிதாள் எல்லோருக்கும் பொது. வீட்டில் படுத்தபடியே கைப்பேசியில்கூடத் திறக்கலாம். மேலே ‘மாற்ற வரலாறு’ என்றிருக்கும் இடத்தைச் சொடுக்கினால், யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எதைத் தொட்டார்கள் என்று அது புட்டுப் புட்டு வைத்துவிடும். அதனால்தான் யாரும் சொடுக்குவதில்லை. கொழுந்தியாள் வீட்டுக்குக் கிளம்பிய மோட்டார் அண்ணனின் இரவு முறை ஓசைப்படாமல் பகல் முறையாகியிருக்கும். ஆய்வுக்கூடத்துக் குளோரின் அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைகள் மாயமாக வெளுத்துப்போயிருக்கும். தண்ணீர் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மற்றதை யார் கேட்கப்போகிறார்கள்?

கட்டங்களுக்கு நிறமே மொழி. நீலம் பகல், சாம்பல் இரவு, வெள்ளை ஓய்வு, சிவப்பு உடம்பு சரியில்லை. இவை மேலிடம் வகுத்தவை. இளம்பச்சை மட்டும் இவர்களாகக் கண்டுபிடித்துக்கொண்டது. ஒருவர் வர முடியாத நாளில், வேறொருவர் தம் வரிசையில் அந்த நாளின் கட்டத்தைப் பச்சையாக்குவார். ‘உன் முறையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அதற்குப் பொருள். நன்றி சொல்லவேண்டியதில்லை, காரணம் கேட்பதும் இல்லை.

அங்கே அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். பெரியவள், சின்னவள் என்றே எல்லோரும் அழைத்தார்கள். பெரியவள் வடிகட்டும் தொட்டிகளைக் கவனித்தாள். சின்னவள் கட்டுப்பாட்டு அறையில் நீரின் அளவுகளைக் குறித்தாள். அட்டவணையும் அவள் பொறுப்பு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில் சின்னவளுக்குக் காலை முறை. விடியும் முன்பே பெரியவள் தன் கட்டத்தைப் பச்சையாக்கிவிட்டு, “நீ அம்மாகிட்ட இரு, நான் போறேன்” என்று கிளம்பிப் போனாள். பத்து மணிக்கு அம்மா பெரியவளைத் தேடினாள். பத்தே முக்காலுக்குத் தேடுவதை நிறுத்திக்கொண்டாள்.

பதறியடித்து வந்து நின்ற அக்காவைப் பார்த்து, உறவுகளும் நிலையத்து ஆட்களும் கூடியிருக்க, சின்னவள் கேட்டாள்: “அம்மா கூப்பிட்டப்ப நீ எங்க போய்த் தொலைஞ்ச?”

பெரியவள் அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். பதில் ஒரு கட்டத்தில் பச்சையாகக் கிடந்தது. அதைச் சுட்டிக்காட்டும் வழக்கம்தான் அங்கே இல்லையே. ஒரு மாதம் கழித்துப் பதினொரு மாதச் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் ஊரைவிட்டே போனாள். கைப்பேசி எண்ணும் மாறிப்போனது.

அன்றிலிருந்து அட்டவணையில் பெரியவளின் ஒன்பதாவது வரிசை வெள்ளையாகக் கிடந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் சின்னவள் புது வாரத்தின் தாளைத் தயாரிப்பாள். தலைப்பு வரிசையை நகராதபடி உறையவைத்து, நாட்களின் நிரல்களை ஒரே அகலமாக்கி, கோடு போட்டு, எழுத்தளவை ஒழுங்குசெய்து முடித்தபின், ஒன்பதாவது வரிசைக்குத் தனியாக வருவாள். அதன் ஓரக்கோடு மங்கியிருந்தால் அழுத்தமாக்குவாள். உயரம் ஒரு புள்ளி குறைந்திருந்தால் இழுத்துவிடுவாள்.

“ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கும்மா இத்தனை வெள்ளையடிப்பு?” என்று குளோரின் அண்ணன் ஒருமுறை கேட்டார்.

“வர்றவங்களுக்கு இடம் தெரியணும்ல?” என்றாள் அவள்.

இடையில் இரண்டுமுறை அந்த வரிசையில் பச்சை பூத்தது. சின்னவள் காய்ச்சலில் விழுந்து தன் கட்டத்தைச் சிவப்பாக்கிய மறுநாள் ஒன்று. கணுக்கால் பிசகி வீட்டில் கிடந்தபோது இன்னொன்று. அக்காவாக இருக்குமோ? மோட்டார் அண்ணனுக்கும் இளகிய மனசுதான். பாவம் என்று அவர் போட்டிருக்கலாம். ஒரே ஒரு சொடுக்கில் தெரிந்துவிடும். எத்தனையோ முறை அம்புக்குறியை ‘மாற்ற வரலாறு’ வரை கொண்டுபோய், சுட்ட கையைப் போல வெடுக்கென்று இழுத்திருக்கிறாள். வேறு யாராவது என்று தெரிந்துவிட்டால், அக்கா இரண்டாம்முறையாகவும் போய்விடுவாள். தெரியாதவரைக்கும் அவள் எங்கோ ஓரிடத்தில், பல் துலக்கும் முன்பே இந்தத் தாளைத் திறந்து, தங்கையின் வரிசையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதி எல்லோரையும் காத்தது; அவளைக் கொஞ்சம் கூடுதலாகவே காத்தது.

விடுப்பு முடிகிற வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குத் தாளைத் திறந்த சின்னவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒன்பதாவது வரிசையில் வெள்ளிக்கிழமை பச்சையாக இருந்தது. வெள்ளிக்கிழமை அம்மா போய் ஒரு வருடம். அன்று சின்னவளின் கட்டம் நீலம். அவள் விடுப்பு கேட்கவில்லை, கேட்க அவளுக்கு முகமில்லை. மற்ற நாட்களின் பச்சை வெறும் ஆறுதல். இது அப்படியில்லை. வருகிறேன் என்கிறது.

பத்து மணிக்குக் கூட்டம். இரண்டு மாதத்துக்கு முன் வந்திருந்த புது மேலாளர், சுவரில் அட்டவணையைப் பெரிதாக விழவைத்திருந்தார்.

“என்னங்க இது, ரங்கோலி மாதிரி இருக்கு? இனிமே கலரெல்லாம் கிடையாது. பகலுக்கு ப, இரவுக்கு இ. எழுத்தைப் போட்டா கலர் தானா வரும். பச்சைன்னு ஒண்ணு லிஸ்ட்லயே இல்லையே, அது என்ன?”

“அது கண்ணுக்குக் குளிர்ச்சிக்கு சார்,” என்றார் மோட்டார் அண்ணன். குளோரின் அண்ணன் இருமலில் சிரிப்பை மறைத்தார்.

“சரி. ஒன்பதாவது வரிசை யாரோடது? லீவு இந்த வாரத்தோட முடியுது. திரும்பி வர்றதா இருந்தா இன்னைக்குள்ள சொல்லியிருக்கணும். ஃபோன் போட்டேன், அந்த நம்பரே உபயோகத்துல இல்லையாம். வரிசையை எடுத்துடுங்கம்மா. அந்த இடத்துக்கு வேற ஆள் கேட்டு எழுதணும்.”

“சொல்லியிருக்காங்க சார்,” என்றாள் சின்னவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னாள்: “வெள்ளிக்கிழமை பச்சையா இருக்கு பாருங்க.”

“யாரோ விளையாட்டுக்குப் போட்டிருப்பாங்க. அவங்கதான் போட்டாங்கன்னு என்ன அத்தாட்சி?”

அத்தாட்சி எங்கே இருக்கிறதென்று மேலாளரைத் தவிர அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மோட்டார் அண்ணன் தரையைப் பார்த்தார். குளோரின் அண்ணன் அவள் காதோரம் குனிந்தார்.

“வேணாம் தங்கச்சி. அதைத் திறந்தா எங்க எல்லார் வண்டவாளமும் தண்டவாளத்துல ஏறிடும். நான் சார்கிட்ட தனியா பேசிப் பாக்கறேன்.”

“நீங்க என்ன அண்ணே பேசுவீங்க? அவ போட்டாளா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது.”

“அவ போடலைன்னா?”

அந்தக் கேள்வியோடுதான் அவள் ஒரு வருடமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். அம்மா போன அன்று அக்காவை எல்லோர் முன்னாலும் கேட்டாள். பதிலையும் எல்லோர் முன்னால்தான் பார்த்தாக வேண்டும்.

“சார், ஒரு நிமிஷம். இதுல எல்லாமே தெரியும். நான் ரெண்டு தடவை லேட்டா வந்து கட்டத்தை மாத்தினதும் தெரியும், மொதல்ல அதைப் பாத்துக்கங்க,” என்று சொல்லி, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, சுவரில் யானைக்காது அளவுக்குத் தெரிந்த அம்புக்குறியை நகர்த்தி ‘மாற்ற வரலாறு’ என்பதைச் சொடுக்கினாள்.

பெயர்கள் சரசரவென்று இறங்கின. “போச்சுடா,” என்றார் மோட்டார் அண்ணன். அவருடைய பெயர் நாலு வரிக்கு ஒருமுறை வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், இன்று காலை ஐந்து ஐம்பத்திரண்டு என்ற நேரத்துக்கு எதிரே ‘பெரியவள்’ என்றிருந்தது. கணக்கு தொடங்கிய நாளில் விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர்.

சின்னவள் நிறுத்தவில்லை. இறக்கிக்கொண்டே போனாள். கணுக்கால் பிசகிய வாரம்: பெரியவள். காய்ச்சல்: பெரியவள். இன்னும் கீழே, ஒரு வருடத்துக்கு முன், விடியற்காலை நாலே முக்காலுக்கு ஒரு கட்டம், வெள்ளையிலிருந்து பச்சைக்கு. அங்கே அம்புக்குறியை நிறுத்தி, மேலாளரை விட்டுவிட்டு எல்லோரையும் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா கூப்பிட்டப்ப எங்க போயிருந்தன்னு உங்க முன்னாடிதானே கேட்டேன்? இங்கதான் இருந்தா. எனக்காக, என் முறையில நின்னுக்கிட்டிருந்தா. எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க.”

பிறகு மேலாளரிடம் சொன்னாள்:

“அந்த வரிசையை எடுக்க முடியாது சார். வெள்ளிக்கிழமை எங்க அக்கா வர்றா.”