ஆய்வு விலக்கு

லூர்து மேரி அக்காவுக்கு நான் தரவேண்டியது எட்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். என் மகள் ரீபாவுக்கு ஆப்பரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்தபோது, தன் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துக் கொடுத்தாள். வைகாசியில் தருகிறேன் என்றேன். ஆடியும் போய்விட்டது. அவள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. வெறுங்காதோடு என் எதிரில் உட்கார்ந்து டீ குடிப்பாள். அதுதான் எனக்குத் தாங்காது.

நாங்கள் இருவரும் வண்ணார்பேட்டையில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சித்தாள். அங்கேதான் மருத்துவக் கல்லூரியிலிருந்து எப்சி என்ற பிள்ளை வந்தாள். வெயிலில் பாரம் சுமக்கிறவர்களின் உடம்பு என்ன ஆகிறது, மனசு என்ன ஆகிறது என்று ஆராய்ச்சி. நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை கட்டிவிடுவாள். நாள் முழுக்கத் துடிப்பை அது பதிந்துகொள்ளும். ரத்தமும் மூத்திரமும் எடுத்தாள்.

"ஒண்ணு சொல்லிருதேன். முதல்லயே கிட்னியில கோளாறு உள்ளவங்கள இதுல சேக்க மாட்டோம். டாக்டர்கிட்ட அனுப்பிருவோம்" என்றாள்.

"இருக்கிற சீக்கு காணாதுன்னு புதுச்சீக்கு தேடி வந்திருக்காவ" என்று கொத்தனார் ஜாஸ்பர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

முதல் நாள் சாயங்காலமே எப்சி என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் என் துடிப்பைக் கோடாகக் காட்டினாள்.

"ஜல்லிச்சட்டியோட மாடி ஏறும்போது கூடுது, அது சரி. டீ குடிக்க உக்காந்திருக்கும்போது ஏன் அதைவிடக் கூடுது?"

"டீ சூடா இருந்திச்சு."

"கவலை எதும் உண்டாக்கா?"

"நெஞ்சுன்னா அடிக்கத்தான செய்யும் பிள்ள? நின்னாத்தான கவலை."

எப்சி சிரித்தாள். பக்கத்தில் துண்டை உதறிக்கொண்டிருந்த மேரி அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் முதல் நான் டீக்கு அவள் பக்கம் போகாமல் மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. நாற்பது வயதுக்குமேல் சர்ச்சில் நடந்த மாலை வகுப்பில் படித்தவள் நான். எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'சாரம்மாள்: ஆய்வு விலக்கு. சனி காலை நேரில் வரவும்.'

எங்கள் ஊர் ராதாபுரம் பக்கம். ஊருக்குள் பஸ் வராது. ரோடு பிரிகிற விலக்கில் இறங்கி நடக்க வேண்டும். அங்கே நிற்கும் பெயர்ப்பலகையில்தான் நான் முதன்முதலாக யார் உதவியும் இல்லாமல் 'விலக்கு' என்ற சொல்லை வாசித்தேன். ஆகவே இதுவும் பஸ் நிற்கிற ஒரு இடம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி, "ஆய்வு விலக்குக்கு ஒண்ணு" என்றேன்.

கண்டக்டர் நெற்றியைச் சுருக்கினார். "அப்படி ஒரு விலக்கு கிடையாதேம்மா. ஆய்க்குடி விலக்கா? அது தென்காசி போற பஸ்லா."

"இல்லய்யா, எழுதியே போட்டிருக்கு." போனை நீட்டினேன்.

அவர் கண்ணாடி கொண்டுவரவில்லையாம். பின்சீட்டுப் பக்கம் போனைக் கொடுத்து, "இது எங்கன இருக்குன்னு பாருங்க" என்றார். அதை வாங்கிய கை லூர்து மேரி அக்காவின் கை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள்.

"ஏட்டி, இது பஸ் நிக்குற விலக்கு இல்ல."

"பின்ன எந்த விலக்கு? அந்த விலக்குதான் எனக்கு நின்னு ரெண்டு வருசமாச்சே."

முன்சீட்டில் ரெண்டு பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக் காதோரம் சொன்னாள். "உன்னை ஆராய்ச்சியில இருந்து நீக்கியிருக்காங்க."

எப்சி சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கிட்னியில கோளாறு உள்ளவங்கள. எங்கள் தெருவில் டயாலிசிஸ் பண்ணிக்கொண்டிருந்த ஒருவர் வீட்டையும் விற்று, கடைசியில் ஆளும் இல்லாமல் போனது கண்முன் வந்தது. ரீபாவின் பிள்ளை இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

அக்கா வண்ணார்பேட்டையில் இறங்கவில்லை. என்னோடு கல்லூரிக்கே வந்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அந்த ரூபாயை நீ தரவேண்டாம்ட்டி. விட்டுத்தள்ளு."

பஸ்ஸில் வந்ததைவிடப் பெரிய பயம் எனக்கு இங்கே வந்தது. சாகப்போகிறவளிடம் யார் கடன் கேட்பார்கள்? இத்தனை மாதம் எதற்குப் பயந்தேனோ அது போய்விட்டது. போனதும், அது இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது.

"ஏன்க்கா அப்படிச் சொல்லுத? நான் தருவேன்."

"சரி, சரி. பைய தா." குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல் சொன்னாள். அது அதைவிட மோசமாக இருந்தது.

எப்சி எங்களை உள்ளே கூப்பிட்டாள். "ஆளை நேர்ல பாத்துச் சொல்லியிருக்கணும், மெசேஜ் தானாப் போயிருச்சு" என்று வருத்தப்பட்டாள். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். ரத்தத்தில் ஏதோ உப்பு கூடியிருக்கிறதாம்.

"குழம்புல குறைச்சிருதேன் டாக்டர்."

"அந்த உப்பு இல்லம்மா. கிட்னி வெளியே தள்ளவேண்டிய உப்பு. வேலையில தண்ணி எவ்வளவு குடிக்கீங்க?"

அக்காதான் சொன்னாள். "குடிக்க மாட்டோம் டாக்டர். குடிச்சா ஒதுங்க எங்க போக? ஆம்பளைகளுக்குச் சுவரு இருக்கு."

"வலி மாத்திரை?"

"இடுப்புக்குத் தினம் ஒண்ணு. பொட்டிக்கடையில குடுப்பாங்க" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், இது திரும்புமா நிலைத்துவிட்டதா என்று அப்போதுதான் தெரியும் என்றார்.

திங்கட்கிழமை அக்கா மேஸ்திரி காசிலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள். "அண்ணாச்சி, நாலு தகரம் வேணும்."

"எதுக்கு?"

"உங்க வீட்டுப் பொம்பளைக எதுக்குக் கதவைச் சாத்துதாங்களோ அதுக்கு."

அவர் தகரம் கிடந்த பக்கம் கையைக் காட்டினார். தகரத்தை நட்டு மறைப்பு கட்டினோம். அக்கா என் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துவிட்டு, காலியாகும்வரை முறைத்துக்கொண்டே இருப்பாள். ஆனால் அந்த மாதம் முழுவதும் ரூபாயைப் பற்றி ஜாடையாகக்கூட ஒரு பேச்சு இல்லை. அவள் அன்பாகப் பேசப்பேச, நான் பிழைக்கமாட்டேன் என்றே எனக்குத் தோன்றியது. மாத்திரை இல்லாமல் இடுப்பு கழன்றது. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை நீட்டினால், "வச்சுக்கோ" என்று தள்ளிவிடுவாள்.

மறு பரிசோதனைக்கும் அவளே கூட வந்தாள். டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். "நல்லா இறங்கியிருக்கு. இப்படியே இருங்க. ஆறு மாசத்துக்கொருக்கா வந்து பாத்துக்கிடணும்."

வெளியே வந்து படியிறங்கினோம். கீழ்ப்படியில் அக்கா திரும்பி நின்று கையை நீட்டினாள்.

"எடுட்டி என் ரூபாயை."

நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்காவும் மூக்கைச் சிந்தினாள். பிறகு, "அழுது ஏமாத்திரலாம்னு பாக்காத" என்றாள்.

மூன்று தவணையில் கொடுத்தேன். கடைசித் தவணை கிறிஸ்துமஸுக்கு முந்தின சம்பளத்தன்று. முதல் ரெண்டு தவணையோடு தன் காசும் போட்டு அடகில் இருந்து மீட்ட கம்மலைப் போட்டுக்கொண்டு டீக்கு உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரிலேயே போய் உட்கார்ந்து கொடுத்தேன்.

"எண்ணிப் பாருக்கா."

எண்ணி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரியா இருக்கு. தண்ணி குடிச்சியா?"