மேரிராணி அக்காவின் ஒளிச்சேர்க்கை ஷிஃப்ட்

மூன்று வருடம் தாவரவியல் படித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் வயர் கட்டுகிறவள் நான். என் படிப்பைத் தூசி தட்டி எடுக்க வைத்தவர் பக்கத்து மேசை மேரிராணி அக்கா. வயது முப்பத்தெட்டு. எங்கள் லைன் லீடருக்கே வேலை கற்றுக்கொடுத்தவர். ஆனால் அடுத்து காலியாகும் இடத்தில் அக்கா லீடராக வேண்டுமென்றால் பத்தாவது பாஸ் வேண்டுமாம், என்ன நியாயமோ! அறிவியலில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். மூன்றாவதிலும் போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

குருபரப்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறியதும் பாடம் ஆரம்பிக்கும். எதையும் கம்பெனியாக மாற்றாமல் அக்காவுக்குத் தொண்டையில் இறங்காது.

"செல் சவ்வு செக்யூரிட்டி. எத உள்ள விடணும், எத வெளிய தள்ளணும்னு பாக்கறது. சரியா ஹீனா?"

"சரிக்கா."

"உட்கரு, டிராயிங் வெச்சிருக்கிற ஆபீஸ். மைட்டோகாண்ட்ரியா ஜெனரேட்டர் ரூம். சோத்த எரிச்சி கரண்ட் குடுக்குது."

எனக்குப் பொறாமையாகவே இருந்தது. இதையே நான் கல்லூரியில் ஆறு பக்கம் எழுதினேன்.

ஒருநாள் நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு ஒளிச்சேர்க்கை.

"பசுங்கணிகம் கேண்டீன். தண்ணியும் கார்பன் டை ஆக்சைடும் வெச்சி வெயில்ல சமைக்கும். வெயில் போனா அடுப்பு அணைஞ்சிடும். அப்போ பகல் ஷிஃப்ட் ஒளிச்சேர்க்கை, நைட் ஷிஃப்ட் சுவாசம். ரைட்டா?"

"ரைட்டுக்கா" என்று தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனேன்.

தேர்வன்று கிருஷ்ணகிரியில் பள்ளி வாசலில் காத்திருந்தேன். அக்கா வந்ததும் வினாத்தாளை நீட்டினார். 'தாவரங்கள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன. சரியா, தவறா? காரணம் கூறு.' இரண்டு மதிப்பெண். பஸ்ஸில் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. செடி இரவு பகல் பாராமல் சுவாசிக்கும். இதுகூடத் தெரியாமல் எதற்கு எனக்கு ஒரு பட்டம்?

"அக்கா, நான் தப்பா சொல்லிட்டேன். தூக்கத்துல..."

"தெரியும்டி. தவறுன்னுதான் எழுதினேன்."

"எப்படிக்கா?"

"பேனாவக் கடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். பெருமூச்சு ஒண்ணு வந்துச்சி. நானே பகல்ல வேல பாத்துக்கினுதான மூச்சு விடறேன்? கேண்டீன்ல சமையல் நடக்குதுன்னு ஜெனரேட்டர எவனாச்சும் நிறுத்துவானா? பி.எஸ்ஸி. ஏதோ ஒளறுதுன்னு புரிஞ்சிபோச்சி."

சிரித்துத் தொலைத்தேன். வேறென்ன செய்ய?

ரிசல்ட் வந்தது. அறிவியலில் முப்பத்தைந்து. பாஸ் மார்க்கும் அதேதான். அக்கா பஸ்ஸில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். என் வாயில் மட்டும் அவரே ஊட்டினார்.

"எல்லாம் இவ சொல்லிக் குடுத்ததுதான்" என்றார் சத்தமாக.

முப்பத்தைந்தில் இரண்டைக் கழித்துப் பார்த்தேன். லட்டு தொண்டையில் இறங்கவில்லை.