தொழாமல் போன மூன்று ரமலான்

கீரமங்கலத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னால், ஹவ்வா உம்மாள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிச் சுவரோடு சுவராக நின்றுவிடுவாள். அதற்கு மேல் செய்ய அவளுக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீடுகளில் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளுச் செய்யத் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்கும், பாய் உதறுகிற சத்தம் கேட்கும். தெருவே அல்லாஹ்விடம் பேசப் போய்விட, இவள் மட்டும் உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று ரமலான் இப்படியே போய்விட்டது.

மாதத்தில் ஐந்தாறு நாளோடு நின்றுகொண்டிருந்த உதிரப்போக்கு, மகள் சாராவுக்கு நாலு வயசானபோது கட்டுக்கடங்காமல் போக ஆரம்பித்தது. நின்றுவிட்டது என்று தலைக்குக் குளித்துவிட்டு வந்து பாயை விரிப்பாள், மறுநாளே திரும்பிவிடும். சில மாதம் நிற்கவே நிற்காது. இரண்டாவது உலகச் சண்டைக்காலம் வேறு. ஆளுக்கு இத்தனை கெஜம் என்று துணியை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் ஜமால் முகமது சந்தைத் தெருவில் துணிக்கடை வைத்திருந்தார், அலமாரியெல்லாம் காலி. துணிக்கடைக்காரர் பெண்டாட்டி கிழிசல் வேட்டிக்கு அலைந்தாள் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை.

மாமியார் மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு அந்த வீட்டுக்கு யோசனை சொல்கிற பொறுப்பை ஜமாலின் பெரியம்மா எடுத்துக்கொண்டிருந்தாள். "ரத்தம் அடியோட நின்னு குளிச்சாத்தான் சுத்தம். அதுவரைக்கும் தொழுவ இல்லை, நோம்பு இல்லை. புருஷன் பாயிலயும் படுக்கக் கூடாது, ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொல்லாத மனுஷி இல்லை, தனக்குச் சொன்னதைச் சொன்னாள். ஹவ்வாவும் கேட்டுக்கொண்டாள். ஜமாலும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கேட்டுக்கொண்டு, தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்குப் போனவர்தான். பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்த வாயால் கேட்பது? ஆண்பிள்ளை கேட்டால் மானம் போகும், பெண்பிள்ளை கேட்டால் உயிரே போகும் என்கிற மாதிரி ஒரு வெட்கம் அந்த ஊருக்கு. வெட்கத்துக்கு இருந்த மரியாதையில் பாதிகூட ஹவ்வாவின் உடம்புக்கு இல்லை.

அவள் ஏக்கமும் ஒன்றா, இரண்டா? விடிகாலையில் நெற்றி பாயில் பட வேண்டும் என்று ஏங்கினாள். நோன்பு திறக்கிற வேளையில் தானும் காய்ந்த வாயோடு பேரீச்சம்பழத்தைக் கடிக்க வேண்டும் என்று ஏங்கினாள். முன்கட்டில் புருஷன் தொண்டையைச் செருமினால், அந்த மனுஷன் பக்கத்தில் ஒரு தடவை சும்மா படுத்திருந்தால்கூடப் போதும் என்றிருக்கும். இன்னொரு பிள்ளை, ஆணோ பெண்ணோ, மடியில் கிடக்க வேண்டும் என்றும் ஆசை விடவில்லை. இதில் எதைப் பற்றியும் அவள் மூச்சு விட்டதில்லை.

சித்திரை வெயிலில் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். ஜமால் பதறிப்போய், கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு டாக்டரம்மா பார்த்தாள். நீட்டி முழக்குகிற ஆள் இல்லை.

"கர்ப்பப்பையில கட்டி இருக்கு. பையோட சேத்து எடுத்துடணும், திருச்சியில செய்வாங்க. கத்தின்னா ஆபத்து இல்லாம இல்லை. பொறுத்துக்கிட்டா, வயசு போனப்புறம் தானா நிக்கும். ஆனா அதுவரைக்கும் இந்த உடம்பு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

ஹவ்வா ஒன்றே ஒன்று கேட்டாள். "எடுத்துட்டா ரத்தம் திரும்ப வருமாம்மா?"

"ஒரு சொட்டு வராது."

வீடு வந்து சேர்ந்ததும் ஜமால் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வேணாம் ஹவ்வா. வயித்தைக் கிழிச்சுப் பொழைச்சவுக யாரு இருக்கா நம்மூர்ல? இன்னொரு புள்ளைக்கும் வழியில்லாமப் போயிரும்."

அவளுக்கும் பயம் இல்லாமலா? கத்தியின் அடியிலேயே உயிர் போய்விட்டால், மூன்று வருஷமாகத் தொழாத முகத்தோடு படைத்தவன் முன்னால் எப்படிப் போய் நிற்பது? ஆனாலும் ஒரு சொட்டு வராது என்று டாக்டரம்மா சொன்னது காதிலேயே நின்றது. ஒரு வாரம் கழித்து, சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்: "வர்ற நோம்பு எனக்கு வேணுங்க. நான் தொழுவணும்."

தனக்கென்று எதைக் கேட்டிருந்தாலும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருப்பார். அல்லாஹ்வின் பேரைச் சொல்லிக் கேட்பவளிடம் என்ன சொல்வது? கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். திருச்சிக்குச் சொல்லி அனுப்பி நாளும் குறித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும், பெண்டாட்டி நல்லபடி பிழைத்து வர துஆக் கேட்கலாம் என்று ஜமால் ஹஜ்ரத்திடம் போனார். போனவர் வேட்டி தடுக்கத் தடுக்க ஓடிவந்தார். சாராவைப் பக்கத்து வீட்டுக்கு விரட்டிவிட்டு, அடுப்படி வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"ஹவ்வா, நீ தொழுவலாமாம்!"

அவளுக்கு விளங்கவில்லை.

"எதுக்கு ஆப்பரேசன்னு கேட்டாரு அஜரத்து. எப்படியோ மென்னு முழுங்கி விஷயத்தைச் சொன்னேன். தொழுவக் கூடாதுன்னு எவன் சொன்னான்னு ஒரு சத்தம் போட்டாரு பாரு. வழக்கமா இருந்த நாளு மட்டுந்தான் தொடக்காம், தீட்டாம். அதுக்கு மேல ஓடுறது சீக்காம், மூக்குல ரத்தம் வடியிற மாதிரி. அந்த நாளைக் கழிச்சுக் குளிச்சுட்டு, ஒவ்வொரு வக்துத் தொழுவைக்கும் ஒளுச் செஞ்சு தொழுவ வேண்டியதுதானாம். நோம்பும் புடிக்கலாம். வாராவாரம் மிம்பர் மேடையில ஏறி நரகத்தைப் பத்திப் பேசுனேனே, இதைப் பேசாம விட்டேனேன்னு அவரே தலையில அடிச்சுக்கிட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரே பாயில படுக்கலாமாம். அதை நான் கேக்கலை. அவராத்தான் சொன்னாரு."

ஹவ்வா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். மூன்று ரமலான்! முன்கட்டில் அவரும் உள்கட்டில் இவளுமாகக் கிடந்த அத்தனை ராத்திரிகள்! யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். பிறகு எழுந்துபோய்க் குளித்தாள், துவைத்த துணி வைத்துக்கொண்டாள், ஒளுச் செய்தாள். சாயங்கால அஸர் பாங்கு சொன்னபோது பாய் விரித்தாயிற்று.

நெற்றி பாயில் பட்டது. அப்போதும் ரத்தம் கசிந்தது, அவளுக்குத் தெரிந்தது. பழைய பயத்தில் எழப் போனவள், எழவில்லை. கேட்க வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. என்னை நல்லாக்கிடு, என்னை நல்லாக்கிடு என்று அதையே கேட்டாள்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால், வாசலில் ஜமால் முகமெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்கே திருச்சிக்கு ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லிடுறேன். இனிமே எதுக்கு ஆப்பரேசன்? தொழுவத்தானே கேட்ட?"

அவள் பாயில் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தாள். தொழுகைக்காக என்று சொல்லி வாங்கிய சம்மதம், தொழுகை கிடைத்ததும் கையை விட்டுப் போகிறது. இனி அல்லாஹ்வின் பேரைச் சொல்லிக் கேட்க முடியாது, தன் பேரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கேட்டதில்லை.

"அல்லாவுக்கு நான் இப்படியே போதும்னு தெரிஞ்சுபோச்சுங்க. எனக்குத்தான் போதலை."

ஜமாலின் சிரிப்பு போய்விட்டது.

"சாரா ஓடுனா பின்னால ஓடிப் புடிக்கணும். ஒரு இடத்துல உக்காந்தா, பின்னால திரும்பிப் பாக்காம எந்திரிக்கணும். நான் பொழைக்கணுங்க. எனக்காக."

"அப்ப புள்ளை?"

அதைக் கேட்டதும் அவள் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நெனைக்காத நாளு இல்லை. ஆனா அந்தப் புள்ள வர வேண்டிய வழியிலதானே நான் கொஞ்சங் கொஞ்சமாப் போயிக்கிட்டிருக்கேன்."

அவர் அடிக்குரலில் கேட்டார்: "அங்க வச்சு ஒனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"நேத்து வரைக்கும் எனக்கும் அந்தப் பயந்தான். தொழாத கட்டையாப் போயிருவோமேன்னு. இனிமே என்ன? அப்படியே ஆயிட்டாலும், தொழுதுட்டுத்தானே போறேன்."

ஜமால் முகமது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூன்று வருஷமாகச் சுத்தமா, சுத்தமில்லையா என்று மற்றவர்கள் சொன்னதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் அவளிடமே கேட்டார்.

"ரொம்ப வலிக்குதா, ஹவ்வா?"

"வலிக்குதுங்க."

அவர் உள்ளே வந்து அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். குறித்த நாள்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடலாம் என்றார்.