மேடேறாத வண்டி

கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அவன் எட்டே முக்காலுக்கே வந்து கம்பிக் கதவை ஒட்டி வண்டியை நிறுத்தினான். பழைய கார்கள் விற்கும் கடை. உள்ளே நின்ற வண்டிகள் எல்லாம் கழுவித் துடைத்து, கல்யாணத்துக்குக் கிளம்பியவை போல வாசலைப் பார்த்து நின்றன.

கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கழுத்தில் மஃப்ளர். அவனைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன சார், எனக்கு முன்னாடியே கடை திறக்க வந்துட்டீங்க?"

"போன வாரமும் நின்னுடுச்சு."

"எங்க?"

"அதே மேட்டுல. அதே வளைவுல."

"ஊரெல்லாம் ஓடுற வண்டி அந்த ஒரு வளைவுல மட்டும் நிக்குதுன்னா, கோளாறு வண்டியிலயா, வளைவுலயா?"

பூட்டைத் திறந்துகொண்டிருந்த மெக்கானிக் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

"வண்டியைத் திரும்ப எடுத்துக்குங்க."

"கோளாறைக் காட்டுங்க, சரிபண்ணித் தர்றேன். கோளாறே இல்லாத வண்டியை எதுக்குத் திரும்ப எடுக்கணும்?"

காட்டத்தான் முடியவில்லை. மெக்கானிக் இரண்டு முறை வண்டியை ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டார். சூடு காட்டும் முள் நடுவிலேயே கிடந்தது. வண்டி பூனைக்குட்டி போல நடந்துகொண்டது. மேட்டில் அவன் கையில் மட்டும் அது கொதித்தது. முன்மூடியின் இடுக்குகளில் ஆவி வந்தது. ஆறவைத்துக் கிளப்பினால் அடுத்த வளைவுக்குள் மறுபடியும் கொதித்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி இருந்தாள். தபால் அலுவலகத்தில் வேலை. பதவி உயர்வும் மாற்றலும் ஒரே தாளில் வந்தன. அவன் இந்த ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துகிறான். முதலில் பஸ்ஸில் போய்வந்தான். இரண்டு பஸ் மாறி, கசங்கி, வேர்த்து, இருட்டின பிறகு போய்ச் சேர்வான். சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவான். விடிந்தால் திரும்பும் பஸ்ஸைப் பற்றிய பேச்சு.

"தூங்கறதுக்கா இவ்வளவு தூரம் வரீங்க? அங்கேயே தூங்கலாமே" என்று ஒருமுறை அவள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அதன் பிறகுதான் கார். சனிக்கிழமைகளில் விடுப்புக்கும் சொல்லி வைத்தான். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவன் போல அவள் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தான். வண்டி ஒருமுறைகூட மேட்டைத் தாண்டவில்லை. பஸ்ஸுக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் ஏறிவிடும் என்று தோன்றியது.

நின்ற இடத்திலிருந்து அவளுக்குப் போன் செய்வான். முதலில் அவள் நிறையக் கேட்டாள். தண்ணீர் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, யாராவது உதவினார்களா. பிறகு, "சரி, பத்திரமா திரும்பிப் போங்க" என்பதோடு முடிந்தது. "எத்தனை மணிக்கு வருவீங்க" என்பது "வருவீங்களா" ஆனது. அது "வண்டி வந்தா வாங்க" ஆனது. போன வாரம் வேறெதையோ பேசும்போது நடுவில் சொன்னாள்: "உங்க தலையணையை எடுத்துப் பரண்ல போட்டுட்டேன். சும்மா தூசி படியுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் ஏதாவது பதில் சொல்லியிருப்பான்.

"நீங்க என்கூட வாங்க. மேடு வரைக்கும் வந்து நீங்களே பாருங்க" என்றான் இப்போது.

"பன்னிரண்டரைக்கு வண்டி பார்க்க ஒரு பார்ட்டி வராங்க சார்."

"அதுக்குள்ள திரும்பிடலாம். நின்னா உங்க மெக்கானிக் வந்து இழுத்துட்டு வரட்டும்."

கடைக்காரர் மஃப்ளரை இறுக்கினார். மெக்கானிக்கைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"நின்னுச்சுன்னா வண்டியை எடுத்துக்கறேன். நிக்கலைன்னா இதைப் பத்தி அப்புறம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரியா?"

"சரி."

கிளம்பியதும் அவன் வழக்கம்போல ஏசியைப் போட்டான். கடைக்காரர் உடனே கை நீட்டி அணைத்தார்.

"எனக்கு இது ஆகாது சார். அஞ்சு நிமிஷம் குளிர்ந்தா அஞ்சு நாள் தும்முவேன்."

கண்ணாடிகளை இறக்கினார்கள். தூசியும் லாரிப் புகையும் உள்ளே வந்தன. அவன் நீலச் சட்டை போட்டிருந்தான். சனிக்கிழமை என்பதால் விடியற்காலையில் இஸ்திரி போட்டது. ஊரைத் தாண்டுவதற்குள் முதுகு நனைந்தது. மேடு தொடங்கும்போது கைப்பக்கமும் நனைந்தது.

"அந்தப் பக்கம் என்ன சார், சொந்த ஊரா?"

"என் வீட்ல அங்க வேலை."

"அப்படியா. என் வீட்டுக்காரி பக்கத்து ரூம்லதான் இருக்கா. பேசிக்கிட்டு நாளாச்சு." சிரித்துவிட்டுத் தும்மினார். "பாருங்க, போட்ட ஒரு நிமிஷத்துக்கே."

அவன் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். முள் ஏறினால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏறாவிட்டால் அவள் ஊர். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வளைவு வந்தது. போன வாரம் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல் ஓரத்தில் அப்படியே கிடந்தது. வண்டி அதைத் தாண்டியது. அடுத்த வளைவையும் தாண்டியது. முள் நடுவைவிட்டுக் கொஞ்சம் எழுந்து அங்கேயே நின்றது. கடைக்காரர் டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தார்.

"குதிரை சார், குதிரை."

உச்சியில் சாலை அகன்று சமமானது. அவன் ஓரமாக நிறுத்தினான். இறங்கினார்கள். கீழே, இறக்கத்தின் முடிவில், ஊர் தெரிந்தது. ஒரு தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரைகள், நேராக ஒரு தெரு. பஸ்ஸில் வந்தபோதெல்லாம் இந்த இடத்தில் இருட்டியிருக்கும். பகலில் ஊர் கை நீட்டினால் படும் தூரத்தில் இருந்தது.

"அப்ப நம்ம பேச்சு முடிஞ்சுது. வண்டியைத் திருப்புங்க" என்றார் கடைக்காரர்.

அவன் ஊரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார்?"

"ம்."

கடைக்காரர் அவன் முதுகைப் பார்த்தார். சட்டை ஒட்டிப்போயிருந்தது.

"மத்த நாள்லயும் இப்படித்தான் கண்ணாடியை இறக்கிட்டு வருவீங்களா?"

"இல்ல. ஏசி போட்டுப்பேன்."

"மேட்டுலயுமா?"

"மேட்டுல முழுசா வச்சுப்பேன்."

"மேட்டுல யாராவது ஏசியை முழுசா வைப்பாங்களா? ஏன் சார்?"

அவன் ஒட்டியிருந்த சட்டையை முதுகிலிருந்து இழுத்துவிட்டான்.

"சட்டை நனைஞ்சிடும்."

கடைக்காரர் சிரிக்க வாயைத் திறந்தார். அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். கடைசியில் அடக்க முடியாமல், "ஒரு சட்டையைப் பையில வச்சு, அங்க போய் மாத்திக்கக் கூடாதா?" என்றார்.

அது அவனுக்குத் தோன்றியதே இல்லை.

கடைக்காரர் முன்மூடியைத் திறந்தார். "எஞ்சின் ஓடட்டும். ஏசியைப் போடுங்க" என்றார். அவன் போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றான். ரேடியேட்டரின் பின்னால் இருந்த ஃபேன் அசையவில்லை. ஏசி போட்டால் உடனே சுற்ற வேண்டியது அது. இருவரும் பார்த்தபடி நின்றார்கள். கடைக்காரர் ஒரு குச்சியை எடுத்து இறக்கையைத் தள்ளினார். இறுகிக் கிடந்தது. உள்ளே போய் முள்ளைப் பார்த்தார். ஏறிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

ஒரு லாரி முக்கி முனகி மேலே வந்து, அவர்களைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

"சமதரையில எஞ்சினை ஆத்த எதிர்க்காத்தே போதும். மேட்டுல ஏசியும் சேர்ந்தா ஃபேன் இல்லாம தாங்காது. ஃபேன் சுத்துதா இல்லையான்னு யாரும் பார்க்கல" என்றார். "நானும் பார்க்கல, மெக்கானிக்கும் பார்க்கல. பார்த்திருக்கணும்."

"வண்டி நிக்கல. நீங்க ஜெயிச்சீங்க."

"நான் ஜெயிச்சது என் மூக்கால சார்." முன்மூடியை இறக்கி அழுத்தினார். "ஃபேன் மாத்தித் தர்றேன். செலவு என்னுது. இல்ல, வண்டியே வேணாம்னாலும் எடுத்துக்கறேன். சொல்லுங்க."

"மாத்தித் தாங்க போதும்."

"அப்ப வாங்க, போகலாம். இப்பவே கொடுத்தா சாயந்திரம் ஆயிடும். அடுத்த வாரம் ராஜா மாதிரி வரலாம்."

அவன் நகரவில்லை. அடுத்த வாரம் என்ற சொல்லை அவன் அவளிடம் நிறையச் சொல்லியிருக்கிறான்.

கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். மஃப்ளரை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

"நம்ம ஊர்ப் பக்கம் இறங்குற பஸ் எப்ப?"

"இப்ப வர்ற நேரம்தான். ஆனா இங்க நிக்காது. ரோட்டுக்கு நடுவுல போய் கை காட்டணும்."

"என் தலையெழுத்து. பத்து வண்டிக்கு முதலாளி, பஸ்ஸுக்குக் கை காட்டுறேன்."

பஸ் வந்தது. அவன்தான் நடுவில் போய்க் கை காட்டினான். கடைக்காரர் படியில் ஏறியும் பேசினார்.

"இறங்கும்போதும் ஏசி வேணாம். வரும்போது காலையில சீக்கிரமே ஏறிடுங்க. நேரா கடைக்கு வாங்க. ஏசியில கை வச்சீங்க, அப்புறம் நான் பொறுப்பில்ல!"

பஸ் வளைவில் மறைந்தது. சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அவன் காருக்கு வந்தான். சட்டையின் முன்பக்கத்தைக் கையால் நீவிப் பார்த்தான். சுருக்கம் போகவில்லை. கீழே அந்த நேர்த் தெருவில் எது தபால் அலுவலகம் என்று தேடினான். கண்டுபிடிக்க முடியவில்லை. போனை எடுத்தான்.

வழக்கமாக அவன் போன் செய்யும் நேரம்தான். அவள் உடனே எடுத்தாள். பின்னால் முத்திரை குத்தும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. யாரிடமோ, "ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"இந்தத் தடவை எங்க நின்னுச்சு?"