கொடி குத்திய சாண்ட்விச்

மையத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை. சாப்பாடு வெளியிலிருந்துதான் வரும். உமர் ஃபாரூக்கை அடக்கிய மறுநாள் காலை அவர் வேலை பார்த்த ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து சாண்ட்விச் வந்தது, மூன்று அட்டைப்பெட்டி நிறைய. ஒவ்வொன்றின் உச்சியிலும் பல்குச்சியில் ஒட்டிய குட்டி ஜெர்மன் கொடி.

"இன்னா சார், கொடியெல்லாம் குத்தியிருக்கு?" என்றாள் உமரின் அக்கா ஹலீமா பீ.

ஹெச்.ஆர். மேனேஜர் ஜெயசீலன் நெளிந்தார். "ஷூ வாங்க வர்ற ஜெர்மன் பையருக்குச் சொன்னதும்மா. அவங்க பிளைட்டு கேன்சல். ஆனா ஃபிரெஷ்ஷு."

பிறகு உள்ளறைத் திரையைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். அதன் பின்னால் உமரின் மனைவி தில்ஷாத், கணவனை இழந்தவள் பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் இருந்தாள். ஒட்டுகிற வேலையை வைத்து 'ஏய் பேஸ்டிங்' என்றே உமரைக் கூப்பிட்டுவந்த கம்பெனி, இப்போது அவரைத் தூண் என்றது, சொத்து என்றது, குடும்பத்தில் ஒருவர் என்றது. இதில் பாதியை உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் மனிதர் தைரியமாக ஒருநாள் லீவு கேட்டிருப்பார். திரை கைதட்டவில்லை.

ஹலீமா பீ கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தட்டோடு உள்ளே போனாள். "காய்ச்சக்காரனுக்குக் குடுக்கற ரொட்டிய மையத்து ஊட்டுக்கு எடுத்தாந்துட்டான். பிரியாணியும் வேணான்ட்டே. நேத்துலேர்ந்து வெறும் தண்ணி. நீயும் போய்ட்டா நான் இன்னாடி பண்ணுவேன்? ஒரு வாய் தின்னு."

"வேணாம் ஆபா" என்ற தில்ஷாத், தட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பையர் வரும் நாட்களில் தொழிலாளிக்கும் ஆளுக்கு ஒரு சாண்ட்விச் கிடைக்கும். உமர் அதைத் தின்னாமல் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வருவார். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் சொல்யூஷன் வாசனை ரொட்டியிலும் ஏறியிருக்கும். "பகலெல்லாம் ஒட்டறேன், இத்தயாச்சும் பிரிக்கிறேன்" என்று இரண்டாகப் பிரிப்பார். வெண்ணெயும் சட்னியும் வெள்ளரிக்காயும் ஒட்டிக்கொண்ட துண்டு அவளுக்கு. காய்ந்த துண்டு அவருக்கு. "எனக்கு வெண்ணெய் ஆவாது." கல்யாண வீடுகளில் நெய்ச்சோற்றை வழித்துத் தின்கிறவர் சொல்வது இது. அவளும் நம்புவதுபோலவே தின்பாள்.

வெளியே ஜெயசீலன், பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும்படி யாரையோ கேட்டார். போட்டோவுக்கு.

தில்ஷாத் ஒரு சாண்ட்விச்சை எடுத்து மெல்லப் பிரித்தாள். வெண்ணெய்த் துண்டைத் தின்றாள். மென்று, நிறுத்தி, மறுபடி மென்று, முழுவதையும்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்ற ஹலீமா பீ, காய்ந்த துண்டை அவள் பக்கம் தள்ளினாள். "இத்தயும் தின்னுடு கண்ணு."

தில்ஷாத் கைநீட்டி, உமரின் இரவு ஷிப்டு நாட்களில் அவருக்குச் சோற்றை மூடிவைக்கும் அலுமினியத் தட்டை எடுத்து, அந்தக் காய்ந்த துண்டின்மேல் கவிழ்த்தாள்.